இரண்டு கட்டில்களுக்கு இடையே: தொற்றுத் தடுப்பும் செவிலியரும்

1976ஆம் ஆண்டில், அப்போது ஜயர் என்று அழைக்கப்பட்ட இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின் வடபகுதியில், யம்புக்கு என்னும் சிற்றூரில் ஒரு மிஷன் மருத்துவமனை இயங்கி வந்தது. அங்கே செவிலியரிடம் தினமும் காலையில் ஐந்து சிரிஞ்சுகளும் ஐந்து ஊசிகளும் தரப்படும். புறநோயாளிகள், கர்ப்பிணிகள், வார்டில் படுத்திருப்பவர்கள் என அன்று வரும் எல்லோருக்கும் அந்த ஐந்தைக் கொண்டே ஊசி போட்டாக வேண்டும். ஒருவருக்குப் போட்டதும் ஊசியை வெதுவெதுப்பான நீரில் அலசிவிட்டு அடுத்தவருக்குப் போட்டார்கள்; மாலையில் சில நாட்களில் மட்டும் அவை கொதிக்க வைக்கப்பட்டன. பின்னாளில் எபோலா என்று பெயர் பெற்ற வைரஸ் அந்த ஊசிகளின் வழியாகவும், நோயுற்றவர்களை நெருங்கிக் கவனித்தவர்களின் வழியாகவும் ஊர் ஊராகச் சென்றது. நோயுற்ற 318 பேரில் 280 பேர் இறந்தனர். மருத்துவமனையின் 17 பணியாளர்களில் 11 பேர் இறந்த பிறகு அது மூடப்பட்டது. மூடிய சில வாரங்களில் பரவலும் அடங்கியது.

அந்தச் செவிலியர்கள் அலட்சியமானவர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. கையில் இருந்ததைக் கொண்டு, நோயாளிக்கு நல்லது செய்கிறோம் என்ற நம்பிக்கையோடு உழைத்தார்கள். அந்த உழைப்பிலேயே உயிரையும் இழந்தார்கள். மருத்துவமனையில் பரவும் தொற்றைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘நர்ஸ் ஒழுங்காகக் கை கழுவவில்லை’ என்ற குற்றச்சாட்டு முதலில் எழுவதால், இந்த நிகழ்வை முதலில் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. தொற்றுத் தடுப்பு செவிலியரின் கைகளில்தான் நடக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் கைகளுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது, எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது, ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டா என்பவற்றை அவர் தனியாகத் தீர்மானிப்பதில்லை.

பிரச்சினையின் அளவை உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை காட்டுகிறது. வேறொரு நோய்க்காக மருத்துவமனையில் சேரும் 100 பேரில், வசதி மிக்க நாடுகளில் சுமார் 7 பேருக்கும், குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் சுமார் 15 பேருக்கும், சிகிச்சை பெறும் இடத்திலேயே குறைந்தது ஒரு தொற்றாவது ஏற்படுகிறது. அப்படித் தொற்றுக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இறந்துபோகிறார். இத்தகைய தொற்றுகளில் 70 விழுக்காடு வரை தடுக்கக்கூடியவை என்பதும் அதே அறிக்கையின் கணிப்பு. அதற்குப் புதிய மருந்தோ விலையுயர்ந்த இயந்திரமோ தேவையில்லை. ஏற்கெனவே தெரிந்தவற்றை ஒவ்வொரு முறையும் தவறாமல் செய்தால் போதும். ‘ஒவ்வொரு முறையும்’ என்பதில்தான் சிக்கல் அனைத்தும் இருக்கிறது.

கைகளைப் பற்றிய அறிவு புதிதன்று. வியன்னா பொது மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் 1840களில் இரண்டு கிளினிக்குகள் இருந்தன. முதலாவதில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தனர். இரண்டாவதில் மருத்துவச்சிகள் பார்த்தனர். 1846இல் முதல் கிளினிக்கில் தாய்மார் இறப்பு 11 விழுக்காட்டைத் தாண்டியபோது, இரண்டாவதில் அது 3 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்தது. பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வரும் கைகளே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று அங்கே பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் ஊகித்தார். 1847 மே மாதத்தில் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவுவதைக் கட்டாயமாக்கினார். அடுத்த ஆண்டிலேயே முதல் கிளினிக்கின் இறப்பு விகிதம் 1.3 விழுக்காட்டுக்கு இறங்கி, மருத்துவச்சிகளின் கிளினிக்குக்குச் சமமானது. தங்கள் கைகளே நோயாளியைக் கொன்றன என்பதை ஏற்க அன்றைய மருத்துவர்களில் பலருக்கு மனம் வரவில்லை. ஒரு நல்ல நடைமுறையைக் கண்டுபிடிப்பதற்கும், அது அன்றாடப் பழக்கமாவதற்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்றைய வார்டில் அந்தத் தொலைவு எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். எப்போது கைகளைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஐந்து தருணங்களாக வகுத்தது: நோயாளியைத் தொடுவதற்கு முன்பு, ஊசி, டிரெஸ்ஸிங், குழாய் போன்ற தூய்மை தேவைப்படும் வேலையைத் தொடங்குவதற்கு முன்பு, இரத்தமோ உடல் திரவமோ பட்டிருக்க வாய்ப்புள்ள வேலைக்குப் பின்பு, நோயாளியைத் தொட்ட பின்பு, அவரைச் சுற்றியுள்ள கட்டில் கம்பி, மேசை, இயந்திரப் பொத்தான் போன்றவற்றைத் தொட்ட பின்பு. கேட்பதற்கு எளிமையாக இருக்கும் இந்தப் பட்டியலில் இரண்டாவது தருணம் அடிக்கடித் தவறுகிறது, சரியாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இல்லை.

காரணம் இதுதான். ஒரு நோயாளியின் கிருமி இன்னொரு நோயாளிக்குப் போய்விடக் கூடாது என்பது எல்லோருக்கும் எளிதில் விளங்கும். ஒரே நோயாளியின் உடலில் ஓரிடத்துக் கிருமி மற்றோர் இடத்துக்குப் போனாலும் ஆபத்து என்பது அவ்வளவு எளிதாக விளங்குவதில்லை. செவிலியர் ஒருவர் கையுறை அணிந்து, குழாய் வழியே வரும் சிறுநீர் சேர்வதற்காக நோயாளியின் கட்டிலில் மாட்டியிருக்கும் சிறுநீர்ப் பையைக் காலி செய்கிறார். அப்போது டிரிப் இயந்திரம் ஒலிக்கிறது. அதே கையுறையோடு திரும்பி டிரிப் குழாயின் இணைப்பைச் சரிசெய்கிறார். அவர் கட்டிலை விட்டு நகரவில்லை, வேறு நோயாளியைத் தொடவும் இல்லை. ஆனாலும் சிறுநீர்ப் பையின் குழாய்முனையில் இருந்த கிருமி இப்போது நேராக இரத்தத்துக்குள் செல்லும் பாதையின் வாசலில் நிற்கிறது. கையுறை அணிந்தவரின் கைக்குப் பாதுகாப்பு கிடைத்தது, நோயாளிக்குக் கிடைக்கவில்லை. கையுறை போட்டிருக்கிறோம் என்ற நிம்மதியே கை சுத்தம் செய்வதை மறக்கடிக்கிறது என்பதால், தேவையில்லாத இடத்தில் கையுறையைத் தவிர்க்கச் சொல்வதும் இன்றைய தொற்றுத் தடுப்புப் பயிற்சியின் ஒரு பகுதியாகிவிட்டது.

அடுத்தது நேரக் கணக்கு. ஆல்கஹால் கலந்த திரவத்தைக் கைகளில் தேய்க்க 20 முதல் 30 விநாடிகள் வேண்டும். சோப்பும் நீரும் கொண்டு முறையாகக் கழுவித் துடைக்க 40 முதல் 60 விநாடிகள் வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மணி நேரத்தில் இருபது முறை கை சுத்தம் செய்ய வேண்டிய தருணங்கள் வருவது அங்கே வேலை செய்பவர்களுக்கு வியப்பளிக்காது. சோப்பால் மட்டுமே கழுவ வேண்டும் என்றால், குழாயடிக்கு நடந்து சென்று திரும்பும் நேரத்தைச் சேர்க்காமலே, மணிக்கு இருபது நிமிடம் வரை அதற்கே போய்விடும். எந்த வார்டிலும் ஒரு செவிலியரால் தன் வேலை நேரத்தின் மூன்றில் ஒரு பங்கைக் கை கழுவுவதற்கு மட்டும் ஒதுக்க முடியாது. அவ்வாறு எதிர்பார்க்கும் விதி, எழுதப்படும்போதே மீறப்படுவதற்காக எழுதப்பட்டதாகும்.

ஜெனிவா பல்கலைக்கழக மருத்துவமனையில் மருத்துவர் டிடியே பித்தேயும் அவருடைய குழுவினரும் 1990களில் கண்டறிந்தது இதைத்தான். வேலைப் பளு கூடக்கூடக் கை சுத்தம் குறைந்தது. தேவை மிக அதிகமாக இருந்த தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே அது மிகக் குறைவாக நடந்தது. எனவே அவர்கள் அறிவுரையோடு நிற்காமல் ஆல்கஹால் திரவப் புட்டிகளைக் கட்டிலருகே வைத்தார்கள், பணியாளர்களைக் கொண்டே சுவரொட்டிகள் தயாரித்தார்கள், கவனித்துப் பதிந்த விவரங்களைத் திரும்ப வார்டுகளுக்கே தெரிவித்தார்கள். 1994 முதல் 1997 வரையிலான காலத்தில் கை சுத்தம் 48 விழுக்காட்டிலிருந்து 66 விழுக்காட்டுக்கு உயர்ந்தது; மருத்துவமனைத் தொற்று 1994இல் இருந்த 16.9 விழுக்காட்டிலிருந்து 1998இல் 9.9 விழுக்காட்டுக்குக் குறைந்தது. முன்னேற்றம் செவிலியரிடமும் செவிலிய உதவியாளர்களிடமும் தெளிவாகத் தெரிந்தது. மருத்துவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. புட்டியைச் சில அடிகள் அருகே கொண்டுவந்ததும், அதுவரை ‘கவனக்குறைவு’ என்று சொல்லப்பட்டதில் பெரும்பகுதி கரைந்துபோனது.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆல்கஹால் எல்லாவற்றுக்கும் தீர்வன்று. கைகளில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ இரத்தமோ இருந்தாலும், கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி உள்ள நோயாளியைக் கவனித்த பிறகும், சோப்பும் ஓடும் நீரும்தான் வேண்டும். அந்தக் கிருமியின் வித்துகள் ஆல்கஹாலில் சாவதில்லை.

கைகளுக்கு அடுத்தபடியாக, நோயாளியின் உடலுக்குள் செலுத்தப்படும் குழாய்கள் வருகின்றன. தோலும் சளிப்படலமும் உடலின் இயற்கையான மதில்கள். டிரிப் ஊசி, சிறுநீர்க் குழாய், வெண்டிலேட்டர் குழாய் ஆகிய ஒவ்வொன்றும் அந்த மதிலில் நாமே திறந்து வைக்கும் வழிகள். பெரிய இரத்தநாளத்தில் செலுத்தும் சென்ட்ரல் லைனையும் வெண்டிலேட்டர் குழாயையும் பொதுவாக மருத்துவர் போடுகிறார். சில நிமிடங்களில் அந்த வேலை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு நாள்கணக்கில் அந்த வழியைக் காவல் காப்பவர் செவிலியரே. சென்ட்ரல் லைனின் இணைப்பு முனையை ஒவ்வொரு முறை திறப்பதற்கு முன்பும் கிருமிநாசினியால் அழுத்தித் தேய்த்து, அது உலரும்வரை காத்திருப்பது, ஈரமாகிவிட்ட அல்லது ஓரம் பிரிந்த டிரெஸ்ஸிங்கை உடனே மாற்றுவது, வெண்டிலேட்டரில் இருப்பவரின் தலைப்பகுதியை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி வைப்பது, வாயைச் சுத்தமாக வைத்திருப்பது, சிறுநீர்ப் பையை எப்போதும் நோயாளியின் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்கவிடுவது: இவற்றில் எதுவும் செய்தியாவதில்லை. ஸ்டிரெச்சரில் நோயாளியை எக்ஸ்ரேக்குக் கொண்டு போகும்போது சிறுநீர்ப் பையை அவர் வயிற்றின் மேல் வைத்துவிட்டால், பைக்குள் இருக்கும் நீர் மீண்டும் உடலுக்குள் உள்ள சிறுநீர்ப்பையை நோக்கித் திரும்ப முடியும். அதைக் கீழே மாட்டிவிட ஆகும் இரண்டு விநாடிதான் தொற்றுத் தடுப்பு.

குழாயைப் பாதுகாப்பதைவிடப் பயனுள்ள ஒன்று உண்டு. அது குழாயை எடுத்துவிடுவது. சிறுநீர்க் குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும், சிறுநீரில் கிருமி குடியேறும் வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு வரை கூடிக்கொண்டே போகிறது. அறுவை சிகிச்சைக்காகப் போட்ட குழாய், எடுக்கச் சொல்லி யாரும் எழுதாததால் மட்டுமே நான்காம் நாளும் இருப்பது மருத்துவமனைகளில் அரிதன்று. மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் எடுக்கலாம் என்ற ஏற்பாட்டில், குழாயைத் தினமும் பார்க்கும் செவிலியருக்கு முடிவெடுக்கும் உரிமை இல்லை. முடிவெடுக்கும் உரிமை உள்ளவருக்குக் குழாய் இருப்பதே நினைவில் இருப்பதில்லை. எந்தெந்த நிலைகளில் குழாய் தேவை என்று முன்கூட்டியே எழுதி வைத்து, அவை பொருந்தாதபோது செவிலியரே எடுத்துவிடலாம் என்று அனுமதிக்கும் நடைமுறையைப் பல மருத்துவமனைகள் இந்தக் காரணத்தால்தான் ஏற்றுக்கொண்டன.

உரிமை என்பதன் முழுப் பொருளையும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்த முயற்சியில் காணலாம். மருத்துவர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் தலைமையில் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் சென்ட்ரல் லைன் போடுவதற்கு ஐந்து எளிய படிகளைக் கடைப்பிடிக்க ஒப்புக்கொண்டன: கை சுத்தம் செய்தல், முழு கிருமிநீக்க உடையும் விரிப்பும் பயன்படுத்துதல், குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடைத்தல், இயன்றவரை தொடையின் இரத்தநாளத்தைத் தவிர்த்தல், தேவையற்ற குழாய்களை எடுத்துவிடுதல். இந்த ஐந்தில் மருத்துவர்கள் அறியாதது ஒன்றும் இல்லை. புதிதாக இருந்தது வேறு. படி ஒன்று விடுபட்டால், அவசரம் அல்லாத நிலையில், வேலையை நிறுத்தும் அதிகாரம் செவிலியருக்குத் தரப்பட்டது. அந்த அதிகாரத்துக்கு நிர்வாகம் துணைநின்றது. 2006இல் வெளியான முடிவுகளின்படி, குழாய் பயன்படுத்தப்பட்ட ஒவ்வோர் ஆயிரம் நாளுக்கும் சராசரியாக 7.7 ஆக இருந்த இரத்தத் தொற்று, ஒன்றரை ஆண்டில் 1.4 ஆகக் குறைந்தது. வயதிலும் பதவியிலும் மூத்த ஒருவரிடம் ‘டாக்டர், விரிப்பு சரியாக மூடவில்லை, நிறுத்துங்கள்’ என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பது வார்டில் நின்றவர்களுக்குத் தெரியும். அதைத் தனிமனிதத் துணிச்சலுக்கு விட்டுவிடாமல் பணிவிதியாக்கியதே அந்த முயற்சியின் உயிர்நாடி என்பது என் கணிப்பு.

எத்தனை செவிலியர் இருக்கிறார்கள் என்ற கேள்வியிலிருந்தும் தப்ப முடியாது. பென்சில்வேனியாவின் 161 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளின் எண்ணிக்கை ஒன்று கூடினால், ஆயிரம் நோயாளிகளுக்கு ஏறத்தாழ ஒரு சிறுநீர்த் தொற்று கூடுவதோடு அது தொடர்புடையதாக இருப்பதைக் காட்டியது. செவிலியரின் மனச்சோர்வையும் கணக்கில் சேர்த்தபோது, பணிச்சுமைக்கும் தொற்றுக்கும் இடையிலான தொடர்பைப் பெருமளவு அந்தச் சோர்வே விளக்கியது. களைத்துப்போன மனம் முதலில் கைவிடுவது, பலன் உடனே கண்ணுக்குத் தெரியாத வேலைகளைத்தான். மருந்து கொடுக்கத் தவறினால் அடுத்த ஷிஃப்டில் கேள்வி வரும். இணைப்பு முனையைத் தேய்க்கத் தவறினால் மூன்று நாள் கழித்துக் காய்ச்சல் வரும், அப்போது அதை யாருடைய டியூட்டியோடும் இணைக்க முடியாது.

தொற்றுத் தடுப்பு செவிலியர் என்ற தனிப் பணியிடம் உருவானதும் இப்படி ஒரு நெருக்கடியில்தான். 1950களில் பென்சிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி பல நாடுகளின் மருத்துவமனைகளில், குறிப்பாகப் பச்சிளங்குழந்தைகளிடமும் அறுவைப் புண்களிலும், பரவியது. 1959இல் இங்கிலாந்தின் டார்பே மருத்துவமனையில் வார்டு வார்டாகச் சென்று தொற்றுகளைக் கண்டறிவதற்கென்றே ஒரு செவிலியர் நியமிக்கப்பட்டார். ஆய்வகத்துக்கு வரும் மாதிரிகளைப் பார்த்து மட்டும் கணக்கெடுத்த நுண்ணுயிரியலாளருக்குத் தெரியாத பல தொற்றுகள், கட்டிலருகே நின்று டிரெஸ்ஸிங்கைப் பார்ப்பவருக்குத் தெரியும் என்ற எளிய உண்மை இந்த நியமனத்துக்குப் பின்னே இருந்தது. அமெரிக்காவில் 1985இல் வெளியான பெரிய தேசிய ஆய்வொன்று, 250 படுக்கைகளுக்கு ஒரு தொற்றுத் தடுப்பு செவிலியர், பயிற்சி பெற்ற மருத்துவர், தொடர் கண்காணிப்பு ஆகியவை முறையாக அமைந்த மருத்துவமனைகளில் தொற்று 32 விழுக்காடு குறைந்ததையும், அவை இல்லாத இடங்களில் 18 விழுக்காடு கூடியதையும் பதிவு செய்தது.

இதுவரை நோயாளியைப் பற்றியே பேசினோம். செவிலியரின் உடலும் இந்தக் கணக்கில் உண்டு. தடுப்பூசி போடாத ஒருவருக்கு, ஹெபடைடிஸ் பி உள்ள நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 விழுக்காடு வரை, ஹெபடைடிஸ் சிக்கு அது முந்தைய கணிப்புகளின்படி சுமார் 2 விழுக்காடு, எச்.ஐ.வி.க்கு சுமார் 0.3 விழுக்காடு. மூன்றில் மிக அதிகமாகத் தொற்றக்கூடிய முதலாவதற்குப் பயனுள்ள தடுப்பூசி இருக்கிறது என்பதால், அதை முழுத் தவணைகளும் போடாமல் ஒரு செவிலியரையோ செவிலிய மாணவரையோ வார்டுக்குள் அனுப்புவதற்கு எந்த நியாயமும் இல்லை. பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடுவது குத்துக்காயத்துக்குத் தெரிந்த காரணம். ஊசியைப் போடும் கெட்டியான பெட்டி கட்டிலருகே இல்லாமல் வராந்தாவின் மறுமுனையில் இருந்தால், மூடி போடாமல் அவ்வளவு தூரம் நடக்க யாருக்கும் மனம் வராது. 2013 இறுதியில் மேற்கு ஆப்பிரிக்காவில் தொடங்கிய எபோலா பரவலின்போது கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் மருத்துவப் பணியாளர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு மற்றவர்களைவிட 21 முதல் 32 மடங்கு அதிகமாக இருந்ததென்றும், தொற்றுக்கு ஆளான பணியாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் செவிலியரும் செவிலிய உதவியாளரும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் தெரிவித்தது. பாதுகாப்பு உடை இருந்தும் தொற்று ஏற்படும் ஆபத்து அதைக் கழற்றும்போதும் இருக்கிறது. வியர்த்துக் களைத்த நிலையில், அழுக்கான வெளிப்புறம் முகத்தில் படாமல் ஒவ்வொன்றாகக் கழற்ற, அருகே நின்று படிப்படியாகச் சொல்ல இன்னொருவர் வேண்டும்.

கடைசியாக, எண்ணுவதைப் பற்றி. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், துருக்கியின் ஸ்குட்டாரியில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனைக்குச் சென்றார். 1855 பிப்ரவரியில் அங்கே சுமார் 42 விழுக்காடாக இருந்த இறப்பு, மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளையும் நீரையும் காற்றோட்டத்தையும் சீர்செய்தபின், ஜூனில் சுமார் 2 விழுக்காட்டுக்கு இறங்கியது. விளக்கேந்திய தேவதையாக அவரை நினைவுகூரும் நாம், நாடு திரும்பிய பின் அவர் ஆண்டுக்கணக்கில் இறப்புப் பட்டியல்களோடு மல்லாடி, வீரர்கள் காயத்தைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால்தான் அதிகம் இறந்தார்கள் என்பதை வரைபடமாகவே காட்டியதை மறந்துவிடுகிறோம். இன்றும் அந்த வேலை தொடர்கிறது. தினமும் குறிப்பிட்ட ஒரு நேரத்தில், இந்த வார்டில் எத்தனை பேருக்குச் சென்ட்ரல் லைன், எத்தனை பேருக்குச் சிறுநீர்க் குழாய், எத்தனை பேர் வெண்டிலேட்டரில் என்று ஒரு செவிலியர் எண்ணிக் குறிக்கிறார். மிச்சிகனின் 7.7, 1.4 போன்ற எண்களின் வகுக்கும் தொகை, அதாவது குழாய் பயன்படுத்தப்பட்ட நாள்களின் எண்ணிக்கை, இப்படித்தான் கிடைக்கிறது. ஆள் குறையும் நாளில் முதலில் நிற்பது இந்தக் குறிப்பேடுதான். அது நின்றால் தொற்று கூடியதா குறைந்ததா என்று சொல்ல வழியில்லாமல் போகிறது. மாதக் கூட்டத்தில் அந்த வார்டுக்கு நேரே வெற்றிடமோ பூஜ்யமோ எழுதப்படுகிறது. கூடுதல் செவிலியர் வேண்டும் என்று கேட்கும் வார்டின் பொறுப்புச் செவிலியர் கையில், ஆதாரமாகக் காட்ட ஒரு தாளும் இருப்பதில்லை.